கசங்கிய நோட்டு கள்ள நோட்டல்ல



கல்லூரிகளில் ஒரு புதுக் குற்றச்சாட்டு புழக்கத்துக்கு வந்திருக்கிறது. 'இது நீ எழுதுனது இல்ல, ஏஐ எழுதுனது.' முன்பு 'காப்பி' என்றார்கள், பிறகு 'பிட்டு' என்றார்கள். பிட்டு வைத்திருப்பவனைப் பிடிக்கச் சட்டைக் கையை மடித்துப் பார்த்தால் போதும். இந்தக் குற்றத்துக்குத் துண்டுச் சீட்டு இல்லை, கண்ணால் கண்ட சாட்சி இல்லை. ஒரு மென்பொருள் ஒரு சதவீதத்தைச் சொல்கிறது. ஆசிரியர் அதை வகுப்பில் வாசிக்கிறார். மாணவர் தலை குனிகிறார். அவ்வளவுதான் விசாரணை.

வேங்கைவயல் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் அசைன்மெண்ட் பற்றித் தலையங்கமா என்று கேட்கலாம். கேட்பது நியாயம். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, பாதிக்கப்பட்ட சனத்தைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே அது வந்தது. யார் மீது சந்தேகம் முதலில் விழும் என்பது இந்த நாட்டில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சேரிக்கு உள்ள அந்த விதி செமினார் ஹாலுக்கும் உண்டு. அதனால்தான் இது நம் பிரச்சினை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நமக்கு நிலம் இல்லை, கடை இல்லை, மடம் இல்லை. படிப்பு ஒன்றுதான் நம்ம சனம் தன் கையால் சேர்த்த சொத்து. அந்தச் சொத்தில் யார் கை வைத்தாலும் நாம் பேச வேண்டும். வெளியிலிருந்து கை வைத்தாலும் சரி, நாமே வைத்தாலும் சரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். அறிவு நேர்மை என்பது மேல்சாதிக்காரர்கள் நமக்குக் கற்றுத்தர வேண்டிய பாடமல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய பத்திரிகையில் ஆண்டுக்கணக்காக எழுதியது இதைத்தானே? அடுத்தவருடைய நூலை, விழாவை, மருத்துவத்தை, பெயரைக்கூட எடுத்துக்கொண்டு, உடையவனையே தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கியவர்களை அவர் 'வேஷ பிராமணர்' என்றார். கருத்துத்திருட்டு பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகப்பெரிய குற்றப்பத்திரிகை அதுதான் என்பேன். தன் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், அவர் கொடுத்த ஓலைச்சுவடிகள் வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்றும் பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். குறளை மேடைதோறும் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் கந்தப்பன் பெயரைச் சொல்கிறார்கள்? மூலத்தைச் சொல்லாமல் விடுவதுதான் கருத்துத்திருட்டு என்றால், அதில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இது பழைய கதையுமல்ல. 2018 ஆகஸ்டில், அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக லஞ்ச ஒழிப்புத்துறை வழக்குப் பதிந்தது. 2019இல் தேனி மருத்துவக் கல்லூரியில் நீட் ஆள்மாறாட்டம் வெளியே வந்தது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் பட்டியலோடு அம்பலப்படுத்தியது: ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று கணக்குக் காட்டப்பட்டிருந்தார். ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு அங்கீகாரம் கிடைக்கிறது. மாணவர் எழுதாத அசைன்மெண்டுக்குத் தண்டனை கிடைக்கிறது.

இதையெல்லாம் சொல்வதன் பொருள், 'அவன் திருடுறான், நானும் திருடுவேன்' என்பதல்ல. அப்படிப் பேசுவது விடுதலை அரசியல் அல்ல. அது அவன் வீட்டுத் திண்ணையில் நமக்கும் ஒரு இடம் கேட்பது.

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறோம். அவர்களில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் கேட்டது இது: "அண்ணா, பிளாக்குல இருக்கற பசங்களுக்கு அப்பா இன்ஜினியரு, அம்மா டீச்சரு. எங்க வீட்ல நான்தான் மொதல்ல காலேஜ் போனவ. ராத்திரி பதினோரு மணிக்கு டவுட்டு வந்தா நான் யாரப் போயி கேப்பேன்? இது கோவிச்சுக்காம சொல்லுது. பத்து வாட்டி கேட்டாலும் சொல்லுது. நீ எந்தத் தெருன்னு கேக்க மாட்டேங்குது. இது தப்பா?"

தப்பில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது நம் கடமை. சந்தேகம் கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்தால் அதை விடாதே என்றுதான் சொல்வேன். வசதியுள்ள பிள்ளைக்கு டியூஷன், கைடு, சீனியர் அண்ணன், இங்கிலீஷ் பேசும் மாமா எல்லாம் உண்டு. அது எதற்கும் நேர்மை பற்றி யாரும் கேள்வி எழுப்பியதில்லை. 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ கருவியின் ஆறு மாதச் சந்தாவையும் சேர்த்தே கொடுத்தது. 2025 நவம்பரில் சாட்ஜிபிடி நிறுவனம் தன் 'கோ' சந்தாவை இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றது. அரசாங்கம் கையில் கொடுக்கிறது, கம்பெனி வீடு தேடி வந்து கொடுக்கிறது, கல்லூரி மட்டும் தொட்டால் குற்றம் என்கிறது. தொடுவது குற்றம் என்ற சொல்லே நமக்கு ஆகாத சொல்.

ஆனால் டியூஷன் வாத்தியார் சொல்லிக் கொடுக்கலாம், பரீட்சை எழுதக்கூடாது. கோடு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அது சொன்னத மூடி வெச்சிட்டு, உங்கம்மாவுக்குப் புரியற மாதிரி உன்னால சொல்ல முடியுமா?" முடியும் என்றால் அது உன் அறிவு. முடியாது என்றால், உன் பெயரைப் போட்டு வேறொருவர் எழுதிய தாள் அது. அந்தத் தாளுக்கு மார்க் கிடைக்கலாம். வேலைக்கான நேர்காணலில், நீதிமன்றத்தில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நீ நிற்கும்போது அந்தத் தாள் உன்னோடு வராது. ஏமாந்தது பேராசிரியர் அல்ல. அவருக்குச் சம்பளம் வந்துவிடும்.

பாபாசாகேப் லண்டனில் ரூபாய் பற்றி எழுதிய ஆய்வு 1923இல் நூலாக வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன். அம்பேத்கர் சொல்வதில் பலவற்றை நான் ஏற்கவில்லை என்று அந்த முன்னுரையிலேயே எழுதினார் கேனன். எழுதிவிட்டும் அந்த நூலுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். இந்தியாவில் ஒரு மகார் மாணவன் வகுப்பறைத் தண்ணீரைத் தொட முடியாத காலம் அது. அங்கே ஒரு வெள்ளைப் பேராசிரியரின் மறுப்புக்கு எதிரில் தன் வாதத்தோடு அவர் நின்றார். தான் படித்து, தான் கணக்குப் போட்டு, தான் எழுதியது என்பதால் நிற்க முடிந்தது. இரவல் சொல்லோடு நிற்கிறவன் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுவான். நேர்மை என்பது நமக்குச் சன்மார்க்க உபதேசம் அல்ல. அது நிற்பதற்கான தரை.

இந்த இயந்திரத்தின் பிறப்பையும் பார்க்க வேண்டும். நெய்வேலிக்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1956இல் கம்பெனி வந்தது. நிலத்தை எடுத்தார்கள், மேல்மண்ணை மலையாகக் குவித்தார்கள், பழுப்பு நிலக்கரியைத் தோண்டினார்கள், கரண்ட் ஊர் ஊராகப் போனது. பட்டா வைத்திருந்தவனோடு இழப்பீடு பேசினார்கள். அந்த நிலத்தில் தலைமுறையாகக் கூலிக்கு இறங்கியவனிடம் பட்டா இல்லை, அதனால் பேச்சும் இல்லை. ஏஐ கம்பெனிகளும் சுரங்கம்தான் தோண்டுகின்றன. உலகத்தில் எழுதப்பட்டதையெல்லாம் வாரி எடுத்துத்தான் இந்த இயந்திரத்தைப் பழக்கினார்கள். கேட்காமல் எடுத்தார்கள் என்று எழுத்தாளர்கள் வழக்குப் போட்டார்கள். திருட்டுப் பிரதிகளாக இறக்கிய நூல்களுக்காக 1.5 பில்லியன் டாலர், அதாவது 150 கோடி டாலர் கொடுக்க 2025 செப்டம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. இங்கே ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பட்டா வைத்திருந்தவர்களுக்கு அங்கேயும் பேச்சுவார்த்தை உண்டு. நம் பாட்டிகளின் ஒப்பாரிக்கும், ஐந்நூறு பிரதி அடித்து நின்றுபோன நம் சிறுபத்திரிகைகளுக்கும் பட்டா யாரிடம் இருக்கிறது?

எது நிறைய எழுதப்பட்டிருக்கிறதோ அதை அரைத்து எடுத்துத் தருவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. சாதி பற்றி இந்த நாட்டில் நிறைய எழுதியவர்கள் யார்? எழுதவிடாமல் தடுக்கப்பட்டவர்கள் யார்? அதனால்தான் தீண்டாமை பற்றிக் கேட்டால் 'சமூக நல்லிணக்கம்', 'இரு தரப்பும்', 'விழிப்புணர்வு தேவை' என்று மேடைப் பேச்சு மாதிரி வருகிறது. உன் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையில் முள்வேலி போட்டது அதற்குத் தெரியாது. அதை நீ எழுதினால்தான் உண்டு. நீயும் எழுதாமல் அதனிடம் வாங்கி ஒட்டினால், நாளைக்கு அது படிப்பதற்கும் அதன் எச்சில்தான் மிஞ்சும்.

இப்போது குற்றம் சாட்டுகிறவர்களிடம் வருவோம்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். நோட்டைப் பிரிக்கும் மெஷின் எங்களிடம் உண்டு. சந்தேகமான நோட்டை அது வெளியே தள்ளும். தள்ளியதெல்லாம் கள்ள நோட்டு என்றால், மீன் விற்கும் அம்மாவும் நடவுக்குப் போகும் அக்காவும் தினம் ஜெயிலுக்குப் போக வேண்டும். முந்தானையில் முடிந்து, வேர்வையில் ஊறி, மடித்த இடத்தில் நைந்து வந்த நோட்டை மெஷினுக்குப் பிடிக்காது. அதனால் தள்ளியதைக் கையில் எடுக்கிறோம், வெளிச்சத்தில் பார்க்கிறோம், தடவிப் பார்க்கிறோம். உண்மையிலேயே கள்ள நோட்டு என்றால்கூட முத்திரை குத்தி, கொடுத்தவருக்கு ரசீது தர வேண்டும். ஒருத்தர் போட்ட பதிவை இன்னொருத்தர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கணக்கே நகரும். ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு இத்தனை மரியாதை. ஒரு மாணவியின் மூன்று வருடப் படிப்புக்கு?

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று விற்கப்படும் மென்பொருள்களும் கசங்கிய நோட்டைத்தான் தள்ளுகின்றன. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றன அந்தக் கருவிகள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகச் சொற்பம். காரணம் எளிது. அடுத்து இன்ன சொல் வரும் என்று ஊகிக்க முடிகிற வாக்கியத்தை இயந்திர வாக்கியம் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. கொஞ்சம் சொற்களை வைத்துக்கொண்டு, இலக்கணம் தப்பாமல் பயந்து பயந்து எழுதுகிறவரின் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும். அதாவது நம் பிள்ளையின் ஆங்கிலம்.

சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் இழுத்து மூடியது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடினின் ஏஐ கண்டுபிடிப்பு வசதியை அணைத்து வைத்தது. எங்கள் எண்ணை மட்டும் வைத்து மாணவர் மேல் நடவடிக்கை எடுக்காதீர்கள் என்று டர்னிடினே சொல்கிறது. செய்தவனுக்கு இல்லாத நம்பிக்கை நம்ம ஊர்த் துறைத்தலைவருக்கு எங்கிருந்து வந்தது?

அரியானா சோனிபட்டில் உள்ள ஓ.பி. ஜிந்தால் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2024 மே மாதம் ஒரு சட்ட முதுகலை மாணவர் கொடுத்த விடைத்தாள் 88 சதவீதம் ஏஐ எழுதியது என்று சொல்லி அவரைத் தோல்வி ஆக்கினார்கள். ஏஐ பயன்படுத்தக் கூடாது என்று உங்கள் விதியில் எங்கே இருக்கிறது, ஆதாரம் என்ன என்று கேட்டு அவர் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2024 நவம்பரில் நீதிமன்றம் பதில் கேட்டது. அதன் பிறகு பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி ஆக்கிவிட்டதாகச் சொல்ல, வழக்கு முடிந்தது. அவர் ஏற்கெனவே வழக்கறிஞர். அவரால் முடிந்தது. விருத்தாசலம் பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போகும் பிள்ளை எந்த உயர்நீதிமன்றத்துக்குப் போகும்?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத்திருட்டு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை திருத்தி எழுத வேண்டும், 40 முதல் 60 வரை ஓராண்டுத் தடை, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. விசாரிக்கத் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு. குறை ஆயிரம் இருக்கலாம், ஆனால் எழுதப்பட்ட விதி. அந்த விதி வந்தபோது சாட்ஜிபிடி பிறக்கவில்லை. அதன் தண்டனைகள் முதுகலைக்கும் ஆய்வுக்கும் வகுக்கப்பட்டவை. இளங்கலை மாணவரின் அசைன்மெண்டை விசாரிப்பவர், வழக்குத் தொடுப்பவர், தீர்ப்புச் சொல்பவர் எல்லாம் ஒரே ஆள். இன்டர்னல் மார்க் அவர் பேனாவில் இருக்கிறது.

இதற்கு மாற்று என்று சொல்லப்படுவது வாய்மொழித் தேர்வு. 'கூப்பிட்டு உட்கார வெச்சு நாலு கேள்வி கேட்டா தெரிஞ்சிடும்' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சொல்லப்போனால் அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதும் வாய்மொழிக் கேள்விதான். ஆனால் கேட்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிட முடியாது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே குழு 2016இல் மார்க்குகளை ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வில் வாங்கும் மார்க்குக்கும் வாய்மொழித் தேர்வில் போடப்படும் மார்க்குக்கும் உள்ள இடைவெளியில் பாகுபாடு தெரிகிறது என்றது. வாய்மொழி மார்க்கை 30இலிருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. சேலத்திலிருந்து அங்கே போன நம் முத்துக்கிருஷ்ணன், ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதிவிட்டுத்தான் 2017 மார்ச்சில் நம்மை விட்டுப் போனார். எழுத்தில் சாதி தெரியாமல் தப்பித்தவன், முகத்தைக் காட்டியதும் மாட்டிக்கொள்கிறான். இயந்திரத்திடமிருந்து தப்பிக்க வாய்மொழிக்குப் போனால் அங்கே துரோணர் உட்கார்ந்திருக்கிறார். கட்டை விரலைக் கேட்கும் குரல் இப்போது, 'எஸ்ஸி கோட்டாவா?' என்று கேட்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: மென்பொருள் சொல்லும் சதவீதத்தை மட்டும் வைத்து எந்த மாணவரையும் தண்டிக்கக் கூடாது. அது சந்தேகம் மட்டுமே, சாட்சி அல்ல.

இரண்டு: எதற்கு ஏஐ பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதாத விதிக்குத் தண்டனை இல்லை.

மூன்று: குற்றம் சாட்டினால் எழுத்தில் தர வேண்டும். பதில் சொல்ல நாள் தர வேண்டும். விசாரிப்பது குற்றம் சாட்டிய ஆசிரியராக இருக்கக் கூடாது. குழுவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும்.

நான்கு: வாய்மொழித் தேர்வு நடத்தினால் பதிவு செய்ய வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விப் பட்டியல் இருக்க வேண்டும். தமிழில் பதில் சொல்ல உரிமை வேண்டும். மார்க்கை அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஐந்து: வருடா வருடம் ஒரே தலைப்பைக் கொடுத்து, கட்டுக்கட்டாகத் தாள் வாங்கி, திறந்தே பார்க்காமல் எடைக்குப் போடும் அசைன்மெண்ட் முறை ஒழிய வேண்டும். படிக்காத வாத்தியாருக்கு எழுதாத மாணவன் என்பதுதான் இன்றைய ஒப்பந்தம். அவரவர் ஊர் பற்றி, அவரவர் தெருவின் தண்ணீர்க் குழாய் பற்றி, அப்பாவின் ஒப்பந்தக் கூலி பற்றி எழுதச் சொல்லுங்கள். எந்த இயந்திரம் எழுதும் என்று பார்ப்போம்.

இவை அவர்களிடம் கேட்பது. நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் இருக்கிறது.

அம்பேத்கர் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் மாணவர் விடுதிகளும் இதைப் பேச வேண்டும். முதல் படியைக் கையால் எழுதுங்கள். பேசுகிற தமிழில் எழுதுங்கள், கொச்சை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தத் தாளைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு எவனாவது 'இது உன்னோடது இல்ல' என்றால் எடுத்து மேசையில் போடுவதற்கு அதுதான் பட்டா. புரியாததை இயந்திரத்திடம் கேளுங்கள், ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அது சொல்லும் தேதியையும் பெயரையும் புத்தகத்தில் சரிபாருங்கள், ஏனென்றால் இல்லாத நூலையும் இருப்பதாகச் சொல்லக்கூடியது அது. கடைசியில், 'இந்த இடத்தில் இந்த உதவி வாங்கினேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். யாரிடம் வாங்கினோம் என்று சொல்வதில் நமக்கு வெட்கம் இல்லை. வாங்கியதை மறைத்தே வாழ்ந்தவர்களின் பழக்கம் நமக்கு வேண்டாம்.

கற்பி என்பதுதான் பாபாசாகேப் நம்மிடம் விட்டுச்சென்ற முழக்கத்தின் முதல் சொல். அடுத்தவனை வைத்து எழுதிக்கொள் என்று அதற்குப் பொருள் இல்லை. எழுத்து தப்பாக இருக்கட்டும், வாக்கியம் நொண்டட்டும், மார்க் இரண்டு குறையட்டும். ஆயிரம் வருடம் எழுதவிடாமல் தடுக்கப்பட்ட கை இது. அதை இப்போது சும்மா மடியில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், தோழர்களே.